கிரகணத்தன்று அவள் என்ன செய்தாள் என்று கேட்ட மகனுக்கு

மகனே, கடுதாசியைப் பிரித்ததுமே இது யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்கிறவன் நான். எழுதுகிறவள் உன் பெண்டாட்டி உமையம்மை. எனக்கு எழுத்து வராது என்பது கரமனை முழுக்கத் தெரிந்த சங்கதிதான். உனக்கு எழுத வேண்டும் என்றால் மூன்றாம் வீட்டுக் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொல்லி எழுதி வாங்குவேன். இந்தத் தடவை வெளி ஆளிடம் போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் இவள் கதவுக்கு அந்தப் பக்கம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது. நான் இந்தப் பக்கம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன். இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. என் பேச்சை இவள் கடுதாசித் தமிழாக்கிக்கொள்கிறாள். யாராவது பேசியதைச் சொன்னால் மட்டும், பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளை பிறந்த சேதிக்குப் பதிலாக நீ போனக்காட்டுத் தோட்டத்திலிருந்து தேயிலை லாரிக்காரன் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. கணக்குப்பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டுவார் என்று நினைத்து எழுதியிருப்பாய். அவர் அன்றைக்கு நாகர்கோவில் போயிருந்தார். ஆகவே வாசித்தவளும் இவள்தான். மழை விடவில்லை, பாதையெல்லாம் அட்டை, துரை லீவு தரவில்லை என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கடைசியில் ஒரு வரி இருந்தது. "கிரகணத்தன்று அவள் என்ன செய்தாள் என்று விசாரித்து எழுதவும்." அதையும் அட்டைக் கடியை வாசித்த அதே குரலில்தான் வாசித்தாள். மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைக்குத் துணி மாற்ற உள்ளே போனாள். நான் அந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கவே இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி உன்னுடையது அல்ல. என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

நான் புளிக்கடையில் எடை போடுகிறவன். கிழக்கேகோட்டையில் எந்தக் கடையில் வியாபாரம் மந்தமாக இருந்தாலும் நம் கடை வாசலில் ஆள் நிற்கும், அது உனக்கே தெரியும். புளிக்காக நிற்பவர்கள் பாதி, என் வாயைப் பார்க்க நிற்பவர்கள் பாதி. செங்கோட்டைச் சந்தையில் வாங்கிய ஒற்றைக்கொம்புக் காளை ஆரியங்காவு வந்ததும் நடக்க மறுத்து, வண்டிக்காரனே நுகத்தில் தோள் கொடுத்த கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்தக் காளைக்கு ஒரு குணம் உண்டு, கேள், மணி கட்டினால்தான்...

"மாமா, காளை வேண்டாம்," என்கிறாள் உமையம்மை. "காகிதம் ரெண்டுதான் இருக்கு."

சரி, காளை வேண்டாம். ஆனால் காளைக் கதையைவிட அதிகம் சொன்ன கதை ஒன்று உண்டு. அது உன் அம்மை கதை. வயிற்றுப்பிள்ளைக்காரி எவள் கடைக்கு வந்தாலும் தராசைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொல்வேன். சூரிய கிரகணம் பிடித்திருக்கிறது, தெருவே இருண்டு கிடக்கிறது, காக்காய்கள் கூட்டுக்குப் போகின்றன. என் வீட்டுக்காரி மட்டும் அடுக்களையில் அரிவாள்மணைக்கு முன்னால். கையில் ஒரு இளம் வெள்ளரிக்காய். வாயைக் கட்டத் தெரியாத பிள்ளைத்தாய்ச்சி, ஒரு துண்டு போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். சரக் என்று ஒரு வெட்டு. வயிற்றுக்குள்ளே பிள்ளை துள்ளியது. பிறந்தபோது வெள்ளரிக்காயில் விழுந்த வெட்டு பிள்ளையின் உதட்டில் இருந்தது. இப்படிச் சொல்லி முடித்து, கேட்கிறவளின் முகத்தைப் பார்ப்பேன். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போவாள். எனக்கு அது பெரிய திருப்தியாக இருக்கும். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ என் மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்தாய். உமையம்மையும் கேட்டு வளர்ந்தாள். தாயில்லாத பிள்ளை, தாய்மாமன் மகள், உனக்கு முறைப்பெண் என்று சின்னதிலேயே இங்கே கொண்டுவந்து வளர்த்தோம். உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பிறந்து இறந்துபோன உன் அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெள்ளரிக்காய் மட்டும்தான். அவனுக்குக் கண் எப்படி, நிறம் எப்படி என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது, அதனால்.

இந்த வருஷம் கிரகணம் வந்தபோது நீ தோட்டத்தில் இருந்தாய். இவளுக்கு ஏழாம் மாசம். விடிந்ததிலிருந்து நான் ஒரு தளவாயைப் போல நின்று உத்தரவு போட்டேன். அறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்தேன். ஓட்டில் ஊசி வெளிச்சம் விழுந்த இடத்தில் களிமண் பூசினேன். ஊசி, நூல், கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றேன். உன் அம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு வாய் வெள்ளமாவது குடிக்கட்டும், புழுக்கத்துல கெடக்கா," என்றாள். "நீ சும்மா இரு, உன்னாலதான் ஒண்ணைத் தொலைச்சோம்," என்றேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். இவள் அந்த இருட்டில் கையைக் காலை அசைக்காமல் மல்லாந்து கிடந்தாள். கிரகணம் விட்டதும் கதவைத் திறந்தால், நனைந்த துணி மாதிரி இருந்தாள். ஆனால் சிரித்தாள். "ஒண்ணும் தொடல்ல மாமா," என்றாள்.

பிரசவத்துக்குப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் நான் கஞ்சித் தூக்கோடு போனேன். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கட்டிலில் போட்டிருந்தார்கள். மேலுதடு இரண்டு பக்கமும் பிளந்து மூக்கில் போய் முட்டியிருந்தது. இடது காது பூக்காத மொட்டு மாதிரி சுருண்டிருந்தது. இரண்டு கையிலும் ஆறு ஆறு விரல். உன் அண்ணனை நான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன் என்றாலும், அதே முகம் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. கஞ்சித் தூக்கைக் கீழே வைக்கவில்லை. இவளுக்கு உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. பத்துக் கட்டில் பெண்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் கேட்கும்படி கேட்டேன்.

"கிரகணத்தன்னைக்கு என்னட்டீ செஞ்சே?"

மகனே, நீ கடிதத்தில் கேட்ட அதே கேள்வி. நீ மலையிலிருந்து கேட்டாய், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அதுதான் வித்தியாசம்.

இவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யல்ல மாமா," என்றாள். பிறகு, "கழுத்துல கொசு கடிச்சுது. ஒருக்கா சொறிஞ்சேன். அதுவா இருக்குமா?" என்று கேட்டாள். அப்புறம், "முந்தானை சுருண்டு கெடந்தது, நேராக்கினேன்," என்றாள். நான் வருவதற்கு முன்பே ராத்திரி முழுக்க அந்தப் பெண் மூளையைத் துழாவித் துழாவித் தன் மேல் குற்றம் தேடியிருக்கிறாள். இதை எழுதும்போது உமையம்மையின் பேனா நின்றுவிட்டது. எழுது மோளே. எழுதாமல் விட்டால் இவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்போது அந்த வார்டைப் பார்க்கும் டாக்டரம்மா வந்தாள். மலையாளத்துக்காரி, தமிழும் கலந்து பேசுவாள், கிழவர்களை அப்பூப்பா என்பாள். "எந்தா அப்பூப்பா, இது போலீஸ் ஸ்டேஷனோ?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் கிரகணத்தைச் சொன்னேன். "கிரகணம் வந்தப்போ எத்தர மாசம்?" என்று கேட்டாள். ஏழு என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கி, அந்தச் சின்னக் கையை விரித்து என் முன்னால் காட்டினாள்.

"முகமும் கையும் விரலும் எல்லாம் ஆகறது முதல் மூணு மாசத்துக்குள்ளே. ஏழாம் மாசம் கிரகணம் வந்து வெட்டறதுக்கு அங்கே ஒண்ணும் பாக்கி இல்லா. சூரியன் மறையறதுக்கு எத்தரயோ முன்னே இந்தக் குட்டி இப்படித்தான் ஆயிருக்கு. சில பிள்ளைகளுக்கு ஒரு குறை வரும். அபூர்வமா சிலதுக்கு நாலஞ்சு குறை ஒண்ணாச் சேர்ந்து வரும். எங்க புஸ்தகத்திலே படம் இருக்கு. காரணம் இல்லா."

பிறகு, "கட்டினது சொந்தத்திலோ? குடும்பத்திலே முன்னே இதுபோல யாருக்காவது உண்டோ?" என்று கேட்டாள்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்தில், அந்த நிலைமையிலும், எனக்குக் கதை சொல்ல வாய்ப்பு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. என் மூத்த பிள்ளை என்று ஆரம்பித்தேன். தெரு இருண்டதைச் சொன்னேன், காக்காய்களைச் சொன்னேன். அடுக்களை, அரிவாள்மணை, இளம் வெள்ளரிக்காய் என்று கையால் வெட்டிக் காட்டினேன். உன் அம்மை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் வெட்டல்ல."

என்ன என்றேன்.

"வெள்ளரிக்காய் அன்னைக்கு வீட்டுலயே கெடையாது. நான் அறைக்குள்ள கெடந்தேன், இவ கெடந்த மாதிரியே. நீங்க சங்குமுகத்துக்குக் கடலாடப் போயிருந்திய. என்னத்தக் கண்டிய?"

உண்மை. கிரகணம் விட்டதும் கடலில் முழுக வேண்டும் என்று நான் முன்கூட்டியே சங்குமுகத்துக்குப் போய்விட்டேன். வெட்டியதையும் பார்க்கவில்லை, வெள்ளரிக்காயையும் பார்க்கவில்லை. முப்பது வருஷம் கண்ணால் கண்டவனைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மை மேலே சொன்னாள்.

"பிள்ளையைப் பாத்ததும் ஒங்க அம்மை கேட்டா, என்னட்டீ வெட்டுனேன்னு. அப்ப என் தம்பிக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருந்த நேரம். ஒண்ணும் வெட்டல்லன்னு சொன்னா, எங்க வீட்டு ரத்தம்னு ஊரு சொல்லும். அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வெள்ளரிக்கான்னு வாயில வந்துது, சொன்னேன். ஒங்க அம்மைக்கும் முகம் தெளிஞ்சுது. அவுக பொறந்த வீடும் அதுதானே."

நான் கட்டியது என் தாய்மாமன் மகளை. ஆகவே அவள் வீட்டு ரத்தம் என்றால் என் அம்மை வீட்டு ரத்தமும்தான், எனக்குள் ஓடுவதும் அதுதான். இதை யோசிக்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு ஆஸ்பத்திரியும் வேண்டியிருந்தது. அந்தத் தம்பிக்குத்தான் கல்யாணம் ஆனது. அவன் மகள்தான் இப்போது எழுதிக்கொண்டிருப்பவள். உன் அம்மை ஒரு வெள்ளரிக்காயைத் தன் தலையில் போட்டுக்கொண்டதால் நடந்த கல்யாணம் அது. அந்த வெள்ளரிக்காயை எடுத்து நான் கடை வாசலில் வைத்து வருஷக்கணக்காக வியாபாரம் செய்தேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டியளா?" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு உன் அம்மை பக்கம் குனிந்து, அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, பேர் வைக்கவில்லை, இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிறபோதுதானே அப்பன் காதில் பேர் சொல்வான், அதற்கு நான் உட்காரவில்லை என்றேன். ஆம், உட்காரவில்லை. பிள்ளை அப்போது உயிரோடுதான் இருந்தது. தெரு கூடியிருக்கும் இடத்தில் அந்த முகத்தை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கம். அன்றைக்குக் கொட்டாரக்கரைக்குப் புளி எடுக்கப் போய்விட்டேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகத்தான் போனேன்.

உன் அம்மை, "பேரு வெச்சேன்," என்றாள். "நானே காதுல சொன்னேன்."

என்ன பேர் என்று கேட்டேன்.

"அது ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா கதையில சேத்துருவிய."

மகனே, கஞ்சித் தூக்கை நான் அப்போதுதான் கீழே வைத்தேன். இன்றைக்கு வரை அவள் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காரியம் செய்து பார்த்தேன். தெருக்கோடியில் தட்டான் வீட்டு மருமகள் இப்போது மாசமாயிருக்கிறாள். அவள் கடைக்கு வந்தபோது, நான் சொன்னது பொய் மோளே, என் பெண்டாட்டி எதையும் வெட்டவில்லை, கிரகணத்துக்கும் உதட்டுக்கும் சம்பந்தம் இல்லையாம் என்றேன். அவள் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேத்தி அப்பிடிப் பொறந்துட்டான்னு இப்ப மாத்திச் சொல்லுதாரு," என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரன் சொன்னான்: "ஓய், அந்த வெள்ளரிக்காக் கதை கொள்ளாம், கேக்க நல்லாருக்கும். ராத்திரி என் பெண்டாட்டி தூங்கவே மாட்டா. இப்ப சொல்லுத இதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்லியே."

ஒன்றும் இல்லைதான். யாரும் எதையும் வெட்டவில்லை, யாரும் எந்தப் பிழையும் செய்யவில்லை, ஒரு பிள்ளை அப்படிப் பிறந்தது. அதைக் கேட்க ஒருவனும் நிற்க மாட்டான். ஆனாலும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இனி உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். முலையில் உறிஞ்ச முடியாது, அண்ணமும் பிளந்திருக்கிறது. உன் அம்மை, உன் அண்ணனுக்குப் புகட்டிய பழைய வெண்கலப் பாலாடையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தாள். அதை வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. உமையம்மை பாலைப் பீச்சிக் கொடுப்பாள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, அந்தக் கிண்ணத்தின் மூக்கால் கன்னத்தோரம் சொட்டுச் சொட்டாக விடுவாள் உன் அம்மை. பாதி மூக்கு வழியே வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி. ஒரு வேளைப் பால் இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. நானும் இப்போது பிடிக்கப் பழகிவிட்டேன். முதல் நாள் என் கை நடுங்கியதைப் பார்த்து உன் அம்மை, "புளி மூடைன்னு நெனச்சுப் பிடியுங்க, நடுங்காது," என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் பரிகாசம்.

பிள்ளை பார்ப்பாள். நீ பேசினால் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்புவாள், நல்ல காது இருக்கும் பக்கமாக. விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். அஞ்சு விரல் பிடிக்கும், ஆறாவது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் அழுதால் உதடு நீலம் பாய்ந்துவிடுகிறது. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் வைத்துக் கேட்டாள். நான் கேட்டதற்கு, "எத்தர நாள்னு நான் சொல்ல மாட்டேன். பால் இறங்கற வரைக்கும் கொடுங்கோ. குட்டியோட அச்சனை வந்து பார்க்கச் சொல்லுங்கோ," என்றாள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் இப்படி, ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வரும்.

பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அன்று உன்னை எதிர்பார்த்தோம். உன் அம்மை கறுப்பு நூலை முறுக்கி அரைஞாண் செய்து வைத்திருந்தாள். நீ வரவில்லை, கடிதம்தான் வந்தது. நேரம் தப்புகிறதே, நான் கட்டட்டுமா என்று கேட்டேன். இவள் சம்மதிக்கவில்லை. "அவரு வரட்டும் மாமா," என்றாள். நூல் இன்னும் பாலாடையோடுதான் இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்குமுகத்துக்கும் கொட்டாரக்கரைக்கும் போனவன். உனக்குப் போனக்காடு கிடைத்திருக்கிறது. மழையும் துரையும் அட்டையும் நிஜம்தான், கொட்டாரக்கரையில் புளி இருந்ததும் நிஜம்தான். நெடுமங்காடு வரை எதில் ஏறியாவது வந்துவிடு, அங்கிருந்து பஸ் உண்டு. கரமனையில் இறங்கியதும் யாராவது உன்னைப் பிடித்து, உன் பெண்டாட்டி என்ன செய்தாளாம் என்று கேட்பார்கள். கதையை முப்பது வருஷம் சொன்னவன் என் அப்பன், அவனைப் போய்க் கேளுங்கள் என்று சொல். முதல் தடவை பார்க்கும்போது உனக்குப் பயமாக இருக்கும். பயப்பட்டுக்கொள். கையை மட்டும் உருவிக்கொள்ளாதே. உன் அம்மை பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: கிரகணத்தன்று உன் பெண்டாட்டி தாகத்தோடு இருட்டில் கிடந்தாள். நான் கிடத்தினேன்.

முடிந்தது, உன் பேரில் ஏதாவது எழுத வேண்டுமா மோளே என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு பேனாவை எடுத்தாள். "அவரு ஒண்ணு கேட்டாருல்லா. நானும் ஒண்ணு கேக்கட்டும். பிள்ளைக்கு என்ன பேரு?" இதை அவளே எழுதியிருக்கிறாள், நான் சொல்லவில்லை.

மகனே, அந்தப் பதிலைக் கடுதாசியில் எழுதி லாரிக்காரன் கையில் கொடுத்தனுப்பாதே. அது காதில் சொல்ல வேண்டியது. வலது காது.